பெரிய கோடு, சின்னக் கோடு

அந்த மேடத்தின் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலம் எங்களுக்கு. நாங்கள் சொல்கிற பதிலை அதில்தான் எழுதுவார். சிவப்பு அவருக்கு. பேசிக்கொண்டே இருப்பார், கை தானாகப் பைக்குள் போகும், போன் வெளியே வரும், கட்டைவிரல் இரண்டு தடவை மேலே தள்ளும், போன் உள்ளே போகும். உடனே உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்துச் சிவப்பில் ஒரு கோடு போடுவார். போட்டுவிட்டு, "சொல்லுங்கண்ணா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நீங்கள் இருவரும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஞாபகம் இருக்காது. பெரியவனுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. போன வாரம் சாப்பிடும்போது சின்னவள், அக்கா ஏன் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று தெலுங்கில் கேட்டாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பதில் சொல்வதென்றால் இந்த மேடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழ் எழுத்து நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். மெதுவாகப் படியுங்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய வேலையில் யார் பெயரையும் எழுத மாட்டார்கள், எண்தான். நம் வீட்டுக்கு எண் முப்பத்தொன்று. நம் பெயரை அவர் கடைசிவரை எந்தத் தாளிலும் எழுதவில்லை. அந்த மரியாதையை நானும் அவருக்குச் செய்கிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பிள்ளைகள் போனில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், அதனால் அவர்கள் மனசுக்கு என்ன ஆகிறது என்று வீடு வீடாகப் போய் எழுதுகிற வேலை. நம் குஷாய்குடாவில் தெலுங்கு வீடுகளுக்கு ஒருவர், இந்தி பேசுகிறவர்களுக்கு ஒருவர், தமிழ் வீடுகளுக்கு இவர். கேள்வி எல்லாம் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை" என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் நம் தெருவில் அவருக்கு "எத்தனை தடவை மேடம்" என்று பெயர் வந்துவிட்டது. மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்பார்.

"கைக்கு மேடம், எதுக்கு இதெல்லாம்? போன் பாக்குறதுல இன்னா ஆராய்ச்சி? நான் எத்தன தடவ கொட்டாவி வுடறேன்னு எழுதிக்கிறீங்களா?"

"அதுக்கு வேற டிபார்ட்மென்ட்டுங்க. சொல்லி வுடறேன், வருவாங்க" என்பார் மேடம், தலை நிமிராமல்.

முதல் தடவை வந்தபோது உங்கள் அம்மா அந்தச் சிவப்புக் கோட்டைக் கவனித்துவிட்டாள்.

"இன்னா மேடம் அது, எங்க வீட்டுக் கணக்கா?"

"இல்லீங்கக்கா. இது என் கணக்கு. நானும் ஒரு கேசுதானுங்க."

"நீங்களே கேசுன்னா எங்களுக்கு யாரு வைத்தியம் பாக்கறது?"

"நான் வைத்தியம் பாக்க வரலீங்க. எண்ண வந்திருக்கேன்."

அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். "அப்போ இவரையும் எண்ணிக்கம்மா. பாத்ரூமுக்குள்ள போனா ஊரு நியூசு முழுக்கப் படிச்சிட்டுத்தான் வெளிய வர்றாரு" என்று என்னை மாட்டிவிட்டாள். மேடம் சிரிக்காமல், "அப்பாவுக்குத் தனி ஃபாரம் இல்லீங்களே" என்றார்.

நோட்டில் இரண்டு மாதிரிக் கோடு இருந்தது. போனை எடுத்தால் பெரிய கோடு. எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுக்காமல் இருந்தால் சின்னக் கோடு. நினைத்ததற்கெல்லாம் யாராவது கணக்கு வைப்பார்களா என்று கேட்டேன். "நெனக்கறதுலதானுங்கண்ணா முக்காவாசி நாள் போகுது" என்றார். ஒரு பக்கம் முழுக்கச் சின்னக் கோடாக இருந்தது, தூறல் விழுந்த மாதிரி.

ஒருநாள் அவரே போனை அம்மாவிடம் கொடுத்து, "நான் கெளம்பற வரைக்கும் குடுக்காதீங்க" என்றார். அம்மா அதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பத்து நிமிஷம் கேள்வி கேட்டார். அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்தன. பார்வை மூன்று தடவை சமையலறைப் பக்கம் போனது. மூன்று சின்னக் கோடு. கால் மணி ஆனதும், "அக்கா, குடுத்துருங்க" என்றார். அம்மா விளையாட்டாக, "நக்கோ, குடுக்க மாட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றாள். மேடத்தின் முகம் மாறியதைப் பார்த்ததும் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிட்டாள். போனில் ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. மேடம் பெரிய கோடு ஒன்று போட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் போட்டார். "கேட்டு வாங்கினதுக்கு" என்றார்.

தெருவில் அவருக்கு நிறையக் கதை கட்டினார்கள். புருஷன் விட்டுப்போய்விட்டான், யாரோ வெளிநாட்டில் இருக்கிறான் என்று. அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "அப்படிக் காரணம் ஏதாவது இருந்தாத் தேவலைங்கக்கா. அதைச் சரி பண்ணலாம். எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. ஊட்டுல நல்லாத்தான் இருக்காங்க" என்றார். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. காரணம் இல்லாமல் ஒருத்தருக்கு ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது அக்காவைப் பற்றி. அவள் அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் பாடம் கேட்பதற்காக நான்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் போன் அவள் கையிலேயே இருந்தது. முதலில் மருதாணி டிசைன் வரைந்து படம் எடுத்துப் போட்டாள். அப்புறம் தன் முகத்தைப் போட ஆரம்பித்தாள். போட்டு, பத்து நிமிஷம் பார்ப்பாள். தோழிகளுக்கு விழுகிற அளவுக்கு இதயக்குறி விழவில்லை என்றால் எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டு வேறு முகம் போடுவாள். இந்த விவரம் எங்களுக்கு அப்போது தெரியாது. சாப்பாடு பாதியில் நிற்கிறது, பேச்சு குறைகிறது, கணக்கில் மார்க் இறங்குகிறது என்று மட்டும் தெரியும். வயசு அப்படி என்று விட்டுவிட்டோம்.

மேடம் கேள்வி கேட்கும்போது அக்காவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. விருந்தாளி வந்தால் வீட்டில் எல்லாரும் உட்காருவதுதானே வழக்கம். "போன் கையில இல்லாதப்ப எரிச்சல் வருதா கண்ணு?" என்று கேட்டால் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். "லேது" என்பாள், இல்லை என்று. எல்லாவற்றுக்கும் லேது. மேடம் எழுதிக்கொண்டார். இரண்டாம் வாரம், பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டார். அம்மாவுக்கு இஷ்டமில்லைதான். ஆனாலும் எழுந்து வந்துவிட்டோம்.

பால்கனியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"மீரு ஏம் சூஸ்தாரு ஆன்ட்டி?" நீங்கள் அதில் என்ன பார்ப்பீர்கள் என்று அக்கா கேட்டாள்.

மேடம் தன் போனை அப்படியே அவள் கையில் கொடுத்தார். "நீயே பாரு கண்ணு. யாரோ தோசை சுடறாங்க. யாரோ ஊடு தொடைக்கறாங்க. அதைத்தான் பாக்கறேன். நேத்து ஒரு டீ கிளாஸப் படம் புடிச்சுப் போட்டேன். அதை எத்தனை பேரு பாத்தாங்கன்னு இன்னிக்கு நாப்பது தடவை பாத்திருக்கேன்."

"ஃபார்ட்டி டைம்ஸா?"

"நோட்டுல இருக்கு, எண்ணிக்கோ."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அப்புறம் அவள் தன் போனைத் திறந்து மேடத்திடம் காட்டினாள். எங்களுக்கு ஒருநாளும் காட்டாததை. வெகுநேரம் தலையைக் குனிந்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் முழுக்க மேடத்தின் கை சிவப்புப் பேனாவுக்குப் போகவே இல்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் சரியில்லை. பிள்ளை சொன்னதைப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னார்.

"அண்ணா, டைரியை மட்டும் நெசமா எழுதுங்க. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

டைரி என்றால் அவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த தாள்கள். பிள்ளை மணிக்கு எத்தனை தடவை போனை எடுத்தாள், எடுத்து வைத்த பிறகு முகம் எப்படி இருந்தது என்று அன்றன்றைக்குப் பெற்றோர் எழுத வேண்டும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று படம் அச்சடித்திருக்கும். டிக் போட வேண்டும். நான்கு வாரம் முடிந்ததும் அந்தத் தாள்களை வைத்துத்தான் மார்க் போடுவார்கள். இத்தனைக்கு மேல் வந்தால் அந்தப் பிள்ளையை ஆராய்ச்சி நிலையத்திலேயே டாக்டர்கள் மூன்று மாதம் பார்ப்பார்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள், அம்மா அப்பாவுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அக்காவுக்குக் கிடைக்கவிருந்தது அந்த இடம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இரும்புச் சாமான்களை உலையில் வைத்துச் சூடேற்றி இறக்கும் பட்டறை. உலையின் சூட்டை அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. ஷிஃப்ட் முடிகிறபோது உட்கார்ந்து மொத்தமாக எழுதுவோம். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வரும். அதனால் 842, 839, 845 என்று கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதுவோம். நடுவில் பேனாவை மாற்றுவோம். என் ஷீட்டில் ஒருநாளும் தப்பு கண்டுபிடித்ததில்லை.

அக்காவின் டைரியையும் அப்படித்தான் எழுதினேன். சனிக்கிழமை மேடம் வருவார்; காலையில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். மூன்று, ஐந்து, நான்கு. முகத்தில் பெரும்பாலும் சிரிப்பு. நடுவில் இரண்டு சும்மா முகம், உண்மை மாதிரி இருப்பதற்கு. மேடம் வாசலில் அப்படிக் கேட்டுக்கொண்ட பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. நிஜத்தை எழுதினால் பிள்ளை பேர் ஏதோ ஆஸ்பத்திரிப் பட்டியலில் ஏறிவிடும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்கும்போது யாராவது எடுத்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அதனால் அடுத்த இரண்டு வாரம் எண்களை இன்னும் குறைத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை மேடம் நான்கு வாரத் தாள்களையும் தரையில் பரப்பிவைத்துக் கூட்டினார்.

"இது தெனமும் நீங்க பாத்து எழுதினதுங்களாண்ணா?"

"ஹவ் மேடம், ஆமா. தினம்."

"இன்னொருக்கா கேக்கறேனுங்க. தெனமுமா?"

"ஹவ்."

"ரெண்டு மார்க் கம்மியா வருதுங்க."

"நல்லதுதானே" என்றேன்.

அவர் நீலப் பேனாவின் மூடியைத் திறந்தார். ஒரு தாளில், நான் டிக் போட்டிருந்த சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில், அழுகிற முகத்தின் மேல் பேனா வந்து நின்றது. தொடவில்லை. இரண்டு டிக் போதும். அவர் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. நான் பொய்யாக எழுதியது வெளியே வந்துவிடும். அவருக்கும் அது தெரியும். பிறகு மூடியைப் போட்டார். பைக்குள் கை விட்டுப் போனை எடுத்தார், விரலால் இரண்டு தடவை தள்ளினார், வைத்தார். சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிய கோடு ஒன்று போட்டுவிட்டு எழுந்தார்.

அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றேன் கண்ணு" என்றார் அவளிடம். அவர் அப்புறம் நம் வீட்டுக்கு வரவேயில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. உங்கள் பிள்ளைக்கு இப்போதைக்குச் சிகிச்சை தேவைப்படவில்லை, ஒத்துழைப்புக்கு நன்றி என்று. நான் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்து மேல்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன். அக்காவுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, அதில் என்ன எழுதினீர்கள்" என்று தெலுங்கில் கேட்டாள். "நல்லதுதான் எழுதினேன்" என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் தட்டில் வைத்துவிட்டுப் போன ஜாங்கிரி மறுநாளும் அப்படியே இருந்தது.

பத்தாவதில் இரண்டு பாடம் போயிற்று. மறுபடி எழுதித் தேறியதும் இன்டரில், அதாவது பதினொன்றாவதில், சேர்த்தோம், ஒரு மாதம் போனாள். போனைப் பிடுங்கி வைத்தேன். மூன்று நாள் சாப்பிடவில்லை, திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் படம் போடுவதையும் நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் போடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்போதுதான் நான் இரண்டு பஸ் மாறி அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன்.

மேடம் ஒரு சின்ன அறையில், கட்டுக்கட்டாகத் தாள்களுக்கு நடுவில் இருந்தார். இளைத்திருந்தார். போன் மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உலை லாக் ஷீட்டையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை நான்கு ஐந்து தடவை எடுத்து வைத்தார்.

"அந்த டைரியைச் சரி பண்ணி எழுதித் தர்றேன் மேடம். இப்ப சேத்துக்க முடியாதா?"

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சுங்கண்ணா. அச்சாகியும் வந்துருச்சு." அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கட்டம் போட்ட ஒரு பக்கத்தைக் காட்டினார். எல்லாம் ஆங்கிலமும் எண்ணும். ஒரு வரிசையில் விரலை வைத்தார். "இது சீக்கு இல்லாத பிள்ளைங்க. உங்க பொண்ணு இதுக்குள்ள இருக்கா. பேரு இருக்காது, ஆனா இந்த எண்ணிக்கையில அவளும் ஒருத்தி."

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு எனக்குத் தெரியுமுங்க" என்றார். "ஒரே கை, ஒரே அழுத்தம். எழுதினதப் பாத்தாவே தெரிஞ்சுது. ரெண்டு டிக்கு. போட்ருக்கலாம்."

"ஏன் மேடம் போடல?" உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்கிற கேள்வி. அவளால் அந்த மேடத்தை மன்னிக்க முடியவில்லை.

"அதைப் போட்டிருந்தா அப்புறம் என் செவப்புக் கோட்டையும் நான் நம்ப மாட்டேனுங்க. எனக்குன்னு நெசமா இருந்தது அது ஒண்ணுதான்." மறுபடி போன் பக்கம் கை போனது.

அப்போதுதான் கவனித்தேன். சிவப்புப் பேனா எங்கேயும் இல்லை.

"இப்பல்லாம் கோடு போடறதில்லையா மேடம்?"

"விட்டுட்டேனுங்க. எண்ணினாக் கொறையும்னு நெனச்சேன். எட்டு வருஷம் எண்ணியும் கொறையல."

டாக்டரைப் பார்க்க அவரே கூட வந்து சீட்டு வாங்கிக் கொடுத்தார். நல்ல டாக்டர்தான். ஆனால் அக்காவை அங்கே கூட்டிப்போக முடியவில்லை. ஒரு தடவை பஸ் நிறுத்தம் வரை வந்தாள். அங்கே நான்கு பேர் நிற்பதைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள். இப்போதும் மாதம் ஒரு தடவை நான் மட்டும் போய், அவள் எப்படி இருக்கிறாள் என்று டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறேன். பாதி நாள் போடுகிறாள். டாக்டர் நாளாகும் என்கிறார். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நிலையத்தில் அவரைப் பார்த்த அன்று கிளம்பும்போது மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து எழுதாத சின்ன நோட்டு ஒன்றையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "எனக்கு இனி வேண்டாமுங்க" என்றார். அடுத்த வருஷம் போனபோது அவர் அங்கே இல்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

டிவிக்குப் பின்னால் இருக்கும் நோட்டு அதுதான். பெரியவன் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு இது என்று கேட்டான். அக்கா அறையை விட்டு வெளியே வந்தால் நான் ஒரு பெரிய கோடு போடுகிறேன். தண்ணீருக்கு வந்தாலும் கோடுதான், பாத்ரூமுக்கு வந்தாலும் கோடுதான். கதவுக்குப் பின்னால் அவள் நடந்து வந்து, தாழ்ப்பாளில் கை வைத்து, திறக்காமல் திரும்பிப்போகிற சத்தம் கேட்டால் சின்னக் கோடு. இதனால் அவளுக்குக் குணமாகும் என்று நான் நினைக்கவில்லை. மேடத்துக்கே ஆகவில்லை. ஆனால் அவளைப் பற்றி இந்த வீட்டில் நான் எழுதியதில் இது ஒன்றுதான் நிஜம்.

நேற்று பெரிய கோடு இரண்டு, சின்னக் கோடு ஒன்று. இன்று காலையிலிருந்து ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் இருக்க மாட்டேன். கதவு திறந்தால் கோடு போடுங்கள். திறக்காவிட்டால் போடாதீர்கள். அப்பா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.